திங்கட்கிழமைச் சோர்வும் தவளைத் தோலும்

"சனி, ஞாயிறு ஆசைதீரத் தூங்கியும் திங்கட்கிழமை வேலைக்குப் போக உடம்பு வணங்கவில்லையே, சோம்பல்தானா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். சோம்பல் இல்லை. ஆசைதீரத் தூங்கிய அந்த இரண்டு காலைகளில்தான் விஷயமே இருக்கிறது.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 செல்களாலான கடிகாரம் ஒன்று உண்டு. தூக்கமும் உடல்வெப்பமும் ஹார்மோன்களும் அது சொல்கிறபடி நடக்கும். அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் அதிகம். எனவே தினமும் யாராவது அதைத் திருத்த வேண்டும். திருத்துவது வெளிச்சம்.

கண்ணில் கூம்பு, குச்சி என்று ஒளியை உணரும் இருவகைச் செல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு; அதற்கு வழிகாட்டியது ஒரு தவளை. வெளிச்சம் பட்டதும் நிறம் மாறும் ஆப்பிரிக்கத் தவளையின் தோல் செல்களை ஆராய்ந்த இக்னேஷியோ ப்ரொவென்சியோ குழு, 1998இல் அவற்றில் மெலனாப்சின் என்ற புரதத்தைக் கண்டது. அதே புரதம் நம் விழித்திரையிலும் இருந்தது! அதை ஏந்திய செல்கள் கூம்பு, குச்சியின் உதவியின்றித் தாமே ஒளியை உணர்வது 2002இல் உறுதியானது. காட்சியைக் காட்டுவதல்ல, வெளிச்சம் எவ்வளவு என்று கடிகாரத்துக்குச் சொல்வதுதான் இவற்றின் முக்கிய வேலை. நீல ஒளி என்றால் கூடுதல் துடிப்பு. பார்வையே இல்லாத சிலருக்கும் இவை வேலை செய்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

தவளைத் தோலை ஆராய்வதால் என்ன பயன் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. உடனடிப் பயன் கேட்டே நிதியை மறுக்கும் வழக்கம் நம் நாட்டில் மாற வேண்டும்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். ஒரே வெளிச்சம்தான், காலையில் பட்டால் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், தூக்கம் சீக்கிரம் வரும்; இரவில் பட்டால் பின்னே தள்ளும், தூக்கம் தாமதமாகும். வெள்ளி, சனி இரவுகளில் போனும் டிவியும் பின்னே தள்ளுகின்றன. மறுநாள் பத்து மணிவரை தூங்கும்போது, முன்னே இழுக்கும் காலை வெளிச்சமும் போய்விடுகிறது. ஞாயிறு இரவு தூக்கம் வராது. திங்கள் ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போது உடம்புக்குள் இன்னும் நள்ளிரவின் மிச்சம். இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன்கூட முழுசாக வடிந்திருக்காது. மூனிக் நகர ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழு 2006இல் இதற்குச் 'சோஷியல் ஜெட்லேக்' என்று பெயர் வைத்தது. தூர நாட்டுக்குப் பறந்தால் நேரம் மாறி உடம்பு தடுமாறுமே, அந்த ஜெட்லேக் விமானம் ஏறாமலே வருகிறது.

ஞாயிறன்றும் வழக்கமான நேரத்தையொட்டி எழுந்து, மொட்டைமாடிக்கோ தெருவுக்கோ போய்விடுங்கள். அறை விளக்கு போதாதா என்றால், போதாது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறுதான்.