தீனி எடுக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்

"டாக்டர், நல்லாத்தான் தின்னுது. கொஞ்சம் சோர்வா இருக்கு, அவ்வளவுதான்." பிப்ரவரி முதல் மே வரை தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் போன் செய்தால் பாதி அழைப்புகள் இப்படித்தான் தொடங்கும். தின்கிற மிருகத்துக்கு நோயில்லை என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது ஓரளவு சரி. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்ற வைரஸ் நோயில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். மூக்குத் துளை விரிந்து, விலா குழிந்து மூச்சு வாங்கிக்கொண்டே புல்லை மெல்லும் குதிரை உண்டு. அதே குதிரை சில மணி நேரத்தில் மூக்கில் நுரை தள்ளி விழுந்துவிடும்.

ஆகவே லாயத்தில் இருக்க வேண்டிய முதல் சாதனம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். விலை அதிகமில்லை. அதன் பின்முனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறு நுனியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றைப் போட்டு வால்மயிரில் மாட்டிவிடுங்கள். கீழே விழாது, உள்ளேயும் போகாது. குதிரையின் பின்னால் நிற்காமல் இடது பின்னங்காலை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். வாலை ஓரமாக ஒதுக்கி, வாஸ்லின் தடவிய முன்முனையை ஆசனவாய்க்குள் விட்டு லேசாகச் சாய்த்துக் குடல் சுவரைத் தொடும்படி பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் தப்பான எண் வரும். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. குட்டிக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

நோய்ப் பருவத்தில் காலையும் மாலையும், சவாரிக்கு முன் பார்த்து, லாயக் கதவில் மாட்டிய அட்டையில் எழுதி வையுங்கள். ஓடி வந்த குதிரையாக இருந்தால் ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுத்துவிட்டுப் பாருங்கள். அட்டைதான் முக்கியம். எப்போதும் 37.5 காட்டும் குதிரை ஒரு மாலை 38.4 காட்டினால், புத்தகக் கணக்கில் அது இயல்பு. அந்தக் குதிரைக்கு அது காய்ச்சல். ஓய்வில் இருக்கும்போது 39ஐத் தொட்டால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம், அன்றிரவே கூப்பிடுங்கள்.

இந்த நோய் குதிரையிலிருந்து குதிரைக்கு நேரடியாகத் தொற்றாது. கியூலிகாய்டிஸ் என்ற மிட்ஜ் பூச்சிதான் வைரஸைக் கொண்டுவருகிறது, கொசுவைவிடச் சிறியது. வரிக்குதிரையின் உடலில் வைரஸ் பெரும்பாலும் நோயே காட்டாமல் தங்கியிருக்கும். வைரஸில் 9 வகை உண்டு. மழைக்குப் பின் சாணமும் ஈரமும் கலந்த மண்ணில் பூச்சி பெருகும். ஒரு வகை மாட்டுச் சாணத்திலேயே முட்டையிடும். அதனால் மாட்டுக் கொட்டிலை ஒட்டிக் குதிரை லாயம் வைப்பது நல்லதல்ல. உள்நாட்டு உயர்நிலங்களில் முதல் உறைபனி விழுந்ததும் பூச்சி அடங்கிவிடும். டர்பன் கடற்கரையோரம் உறைபனியே விழுவதில்லை. "ஜூன் வந்தாச்சே, இனி என்ன" என்ற நிம்மதி ஜோஹன்னஸ்பர்க்காரருக்குப் பொருந்தும். கடற்கரையோர டோங்காட்காரர் தெர்மாமீட்டரைக் கீழே வைக்கக் கூடாது.

நோய் நுரையீரலைத் தாக்கும் வடிவத்தை இங்கே டன்கொப் என்பார்கள். இதில் சாவு 95 விழுக்காடு வரை போகும். இதயத்தைத் தாக்குவது டிக்கொப். இதில் கண்ணுக்கு மேலே உள்ள குழியைப் பாருங்கள். நலமான குதிரைக்கு அது உள்ளே குழிந்திருக்கும். டிக்கொப்பில் அந்தக் குழி நிரம்பி மேலே புடைத்து நிற்கும், பிறகு இமை, உதடு, கழுத்து என வீக்கம் பரவும். இதில் ஒரு சூது உண்டு: வீக்கம் தெரிகிற நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருக்கும். முந்தைய நாட்களின் அட்டை இல்லாதவர் காய்ச்சலே இல்லை என்று சொல்லிவிடுவார். இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மருத்துவர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது குதிரையை அசைய விடாமல் நிறுத்துவது. நடத்திக் கூட்டிப்போனாலே சுமை தாங்காமல் போகலாம். காய்ச்சல் உள்ள குதிரையை வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். தண்ணீரும் மென்மையான தீனியும் முகத்தருகே இருக்கட்டும். கையில் இருக்கிறதே என்று பியூட் என்ற வலிநிவாரணிப் பசையை ஊட்டிவிடாதீர்கள். அது காய்ச்சலை இறக்கி, மருத்துவர் வந்து பார்க்கும்போது எண்ணை மறைத்துவிடும். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால்தான் எந்த நோய் என்று உறுதியாகும். சட்டப்படி இது கட்டுப்படுத்தப்பட்ட நோய். சந்தேகம் வந்தாலே அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

"ஊசி போட்டேனே, அப்புறம் ஏன் வந்தது?" இந்தத் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். ஆண்டர்ஸ்டபோர்ட் தயாரிப்பு, இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் 1, 3, 4 வகைகள், மற்றதில் 2, 6, 7, 8. 5க்கும் 9க்கும் குப்பியில் இடமில்லை; 8ஆம் வகை 5க்கும், 6ஆம் வகை 9க்கும் ஓரளவு காப்பு தரும். ஒரே ஊசியில் எல்லா வகைக்கும் எல்லாக் குதிரையின் உடலும் ஒரே மாதிரி எதிர்ப்பைக் கட்டுவதில்லை. ஆண்டுதோறும் போட்டு வந்தால்தான் ஓட்டைகள் அடைபடும். இரண்டு மூன்று வயதுக் குதிரைகள் அதிகம் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை போட வேண்டும். இரண்டு குப்பிக்கும் இடையே குறைந்தது மூன்று வாரம். ஊசிக்குப் பின் இரண்டு வாரம் கடுமையான ஓட்டம் வேண்டாம். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய பக்கியின் (சிறு சரக்கு வண்டியின்) டாஷ்போர்டில் வந்த குப்பி வெறும் தண்ணீர்தான். சினைக் குதிரைக்கும் ஆறு மாதம் ஆகாத குட்டிக்கும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். கேப் டவுன் பக்கம் குதிரையை மாற்றுபவர்கள் கவனிக்க: அங்கே ஊசி போடுவதற்கும் குதிரையைக் கொண்டுபோவதற்கும் தனி அனுமதி தேவை.

ஊசியோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். சூரியன் சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே கட்டி, விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வெளியே விடுங்கள். கதவு ஜன்னலுக்கு நெருக்கமான நிழல்வலை, உள்ளே ஒரு பெரிய ஃபேன். மிட்ஜ் பலவீனமாகப் பறக்கும், காற்று ஓட்டத்தில் நிற்காது. இரவு விளக்கை எரிய விடாதீர்கள், வெளிச்சம் அதை அழைத்து வரும்.

உண்ணிக் காய்ச்சலும், அதாவது பில்லியரியும், தொடக்கத்தில் இதே மாதிரிதான் காட்டும். சோர்வு, காய்ச்சல், பிறகு ஈறும் கண்ணின் வெள்ளையும் வெளுத்து மஞ்சளாகும். ஊகித்து மருந்து கொடுப்பது இங்கே ஆபத்து. பில்லியரிக்கான ஊசி குதிரைக்கு வயிற்றுவலி கிளப்பக்கூடியது, மருத்துவர் அதற்கும் சேர்த்து முன்கூட்டியே மருந்து தருவார். இன்னொன்று: மாட்டுக்குப் பயன்படுத்தும் அமிட்ராஸ் உண்ணி மருந்தைக் குதிரை மேல் ஊற்றாதீர்கள். குடல் அசைவு நின்று சாணம் அடைத்துவிடும்.

நாய் விஷயத்தில் கணக்கு மாறும். பில்லியரி பிடித்த நாய் பெரும்பாலும் சீக்கிரமே சோற்றை விட்டுவிடும். நம் நாட்டில் அதற்கு முக்கியக் காரணம் பபேசியா ரொசி என்ற, உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி. மற்ற நாட்டு வகைகளைவிட மிகக் கொடியது. காலையில் மந்தமாக இருந்த குட்டி மறுநாள் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடலாம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறே காகிதம் போல வெளுத்திருந்தாலோ சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே வண்டியை எடுங்கள். காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், நுண்ணோக்கியில் சில நிமிடம், விடை கிடைத்துவிடும். கோ-ஆப் கடையில் மாட்டுக்கு வாங்கிய டிமினசீன் ஊசியை உத்தேச எடையில் நாய்க்குப் போட்டு, கொஞ்ச நாளில் இன்னொன்றும் போடுவது வழக்கமாக நடக்கிறது. அளவு மீறினால் மூளையில் ரத்தம் கசியும். பில்லியரி தீர்ந்தும் நாய் எழுந்திருக்காது.

உண்ணியை விரல் இடுக்கு, காது மடிப்பு, வாலடி, கழுத்துப்பட்டைக்குக் கீழே தேடுங்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். பாரஃபினும் தீக்குச்சியும் வேண்டாம். மாதாந்தர உண்ணி மாத்திரையோ மூன்று மாத மாத்திரையோ எதுவானாலும், தேதி தவறாமல் ஆண்டு முழுதும் கொடுங்கள். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு வைத்தால் வலிப்பு வரும். பூனைக்குப் பானடோவும் (பாரசிட்டமால்) விஷம், அரை மாத்திரையே உயிரை எடுக்கும்.

சமையலறையிலிருந்து இரண்டே விஷயம். பிரியாணி எலும்பைக் கொடுக்காதீர்கள், வெந்த எலும்பு கூராக உடையும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ரேபிஸ், டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் நிரந்தரமாக இருக்கிற நோய். நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்றாண்டுக்கு ஒன்று என்பது சட்டம். ஆண்டுக்கு ஒன்று போடுவதே இங்கே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. வீட்டைவிட்டுப் போகாத நாய் என்ற சாக்கு செல்லாது, தெருநாய் வேலி தாண்டி வரும். குதிரைக்கும் ரேபிஸ் வரும்: தொண்டையில் எதோ சிக்கியது போல எச்சில் வடிக்கும் மிருகத்தின் வாய்க்குள் வெறுங்கையை விடாதீர்கள். கடித்தாலோ, கீறினாலோ, புண்ணை எச்சில் தொட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாய்ப் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ மிளகாய்த்தூளோ அப்ப வேண்டாம். அதே நாள் கிளினிக்குக்குப் போய், முதல் ஊசி அன்றே, பிறகு 3, 7, 14ஆம் நாட்களில். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள். நாய் செத்துவிட்டால் புதைத்துவிடாமல், உடலைக் கையால் தொடாமல் அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகும்.