ஸ்கோன்: நமக்கு ஏற்ற பெயர் மெல்லடை

கோதுமை மாவில் பட்டரைத் தேய்த்து, பால் விட்டு, அதிகம் பிசையாமல் திரட்டி, நன்கு சூடேறிய போறணையில் 12 முதல் 15 நிமிடம் வரை வேகவைக்கும் தடித்த சிறு வட்டப் பண்டமே ஸ்கோன். ஈஸ்ட் சேராததால் அது பணிஸ் ஆகாது. உள்ளே பஞ்சுபோல இருப்பதால் விசுக்கோத்தும் ஆகாது. அவித்து மசித்த பூசணி சேர்ந்தால் பூசணி ஸ்கோன். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இது பேர்போன பண்டம்.

சொல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டுக் கவிஞர் கவின் டக்ளஸ், ஈனியட் என்ற இலத்தீன் காவியத்துக்கு 1513 இல் செய்து முடித்த மொழிபெயர்ப்பிலேயே அது காணப்படுகிறது. அதற்கும் முன்னே, நேர்த்தியான வெள்ளை ரொட்டியைக் குறித்த ‘ஸ்கோன்புரோட்’ என்ற பழைய டச்சுச் சொல் இருந்திருக்கலாம் என்பது அகராதியாளர் பலரின் கருத்து. ஸ்கொட்லாந்து அரசர்கள் முடிசூடிய, இதே எழுத்துகளில் (Scone) எழுதப்படும் ஊரின் கல்லோடு இதை இணைக்கும் கதையை நம்ப வேண்டியதில்லை. அந்த ஊரின் பெயரை ஸ்கொட்லாந்தார் ‘ஸ்கூன்’ என்றே உச்சரிக்கிறார்கள். பண்டத்தின் பெயர் ஸ்கொன்னா, ஸ்கோனா என்று ஆங்கிலேயர் இன்னும் வாதாடுகிறார்கள். குறிலையும் நெடிலையும் தனித்தனி எழுத்தில் காட்டக்கூடிய நமக்கு அந்த வழக்கை எழுதிக் காட்டுவதாவது எளிது. பேக்கிங் பவுடர் வருவதற்கு முன்னர் இது இரும்புக் கல்லில் சுட்டு நான்காக வெட்டப்பட்ட தட்டை ரொட்டியாகவே இருந்தது; நம் தேங்காய்ப்பூ ரொட்டிக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம்.

பூசணி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் கொடி என்பதால், பழந்தமிழர் அறிந்திருந்தது நீற்றுப்பூசணியையே. தமிழகத்தார் புதுக் காய்க்கு, ஐரோப்பியரைக் குறித்த சொல்லால், பரங்கிக்காய் என்று பெயரிட்டார்கள். வன்னியில் அப்படிச் சொன்னால், பறங்கியர் என்று இங்கே அழைக்கப்படும் சமூகத்தின் நினைவு வந்து சிரிப்புத்தான் மிஞ்சும். ஆகவே பூசணியே போதும்.

இனி ஸ்கோனுக்குத் தமிழ். போர்க்காலத்தில் வன்னியின் பெயர்ப்பலகைகளில் பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆனது. பாணுக்கு ‘வெதுப்பி’ என்றும் எழுதினார்கள். வெதுப்பகம் நிலைத்தது, ஆனால் வெதுப்பி கேட்டுப் பாண் வாங்கியவர் குறைவு. அந்த வழியில் ‘வெதுப்படை’ என்று ஆக்கலாமே என்று முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தபோது ஏதோ ஒரு படையணியின் பெயர்போலத் தோன்றியதால் விட்டுவிட்டேன். மதுரைக்காஞ்சியில் ‘மெல்லடை’ என்றொரு பண்டம் விற்கப்படுகிறது; வரிகள் அழகாக அமைந்த இறாலைப் போன்றது என்று அதற்கு உவமை. இறால் என்றதும் முல்லைத்தீவாருக்கு நந்திக்கடல் களப்புத்தான் நினைவுக்கு வரும்; அந்தப் பாட்டிலோ அது தேன்கூடு. மென்மை, தடிப்பு, உள்ளே கண்கண்ணான துளை ஆகிய மூன்றும் ஸ்கோனுக்கும் பொருந்துவதால், ‘பூசணி மெல்லடை’ என்பதே என் தெரிவு.

மேற்கே இதை இலையுதிர்காலக் காலை உணவாகச் சொல்வார்கள். வடகோளத்தில் அது செப்டெம்பர் முதல் நவம்பர் வரை. நமக்கோ அதன் பிற்பகுதி கூதிர்காலம், ஐப்பசி மழையும் காலபோக விதைப்புமாக இருக்கும் நாட்கள். வயலுக்குப் போகுமுன் தேநீரோடு உண்ண இது நல்ல பண்டம்.

உடலுக்கு நல்லதாகச் செய்ய 250 கிராம் மாவில் பாதியை ஆட்டா மாவாக எடுத்து, சீனிக்குப் பதில் சிறிது சர்க்கரை சேர்க்கலாம். வெள்ளை ரொட்டியால் பெயர் பெற்ற பண்டத்துக்குத் தவிட்டு மா சேர்ப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்தான். பூசணியைத் தண்ணீரில் போடாமல் நீத்துப்பெட்டியில் அவித்து, 150 கிராம் மசித்து ஆறவிட வேண்டும். 50 கிராம் பட்டரை விரல் நுனியால் தேய்க்கும்போது, மா புட்டுக்குக் குழைத்ததுபோல உதிரியாக வர வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் பட்டர் உருகி, பண்டம் கல்லாகும். எழும்ப 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். அப்பச்சோடா மட்டுமே இருந்தால் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்தி, பாலுக்குப் பதில் புளித்த தயிர் விட வேண்டும். புளிப்பில்லாமல் அது பொங்காது. போறணை இல்லாத வீட்டில், தடித்த சட்டியின் கீழும் மூடியின் மேலும் தணல் வைத்துச் சுடலாம். வெந்ததைக் கத்தி படாமல் கையால் பிய்த்தால், மஞ்சள் நிறத்தில் அந்தத் தேன்கூட்டுக் கண்கள் தெரியும்.