செஸ் புத்தகம் எந்த அலமாரியில்?

ஆகஸ்ட் 12 நெருங்கினாலே பள்ளி நூலகங்கள் பரபரப்பாகிவிடும். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளான அதைத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை, சிறப்புரை, கடைசியில் வினாடி வினா. மேடையில் நான்கு அணிகள் பதில் சொல்ல, கீழே அமர்ந்திருக்கும் ஒரு பள்ளிக்கூடமே வேடிக்கை பார்க்கும். பள்ளி நூலகர் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புத்தகத்தை நெருங்காத பிள்ளையைத்தானே நாம் இழுக்க வேண்டும்? அவர் மேடையிலேயே இல்லையே.

எல்லோரையும் ஆட வைக்கும் வழிகள் இன்று உண்டு. கஹூட் போன்ற செயலியில் கேள்வி திரையில் வரும். மாணவர்கள் கணினியிலோ கைப்பேசியிலோ விடையைத் தொடுவார்கள். கணினி ஆய்வகம் உள்ள பள்ளிக்கு இது சரி. இல்லாத பள்ளிக்கு ப்ளிக்கர்ஸ் அட்டைகளைப் பரிந்துரைப்பேன். தாளில் அச்சிட்ட சதுரக் குறியீடுதான் அந்த அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்களோ அதுவே விடை. நூலகரின் கைப்பேசி ஒன்று போதும். கேமராவை அரங்கத்தின் மீது மெல்ல ஓட்டினால் விடைகள் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் குறியீடும் வேறு என்பதால், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பவும் முடியாது. கூச்சத்தால் வாய் திறக்காத பிள்ளையும் அட்டையை உயர்த்திவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கஹூட்டில் வேகத்துக்கு மதிப்பெண் உண்டு. உடனே தொட்டவருக்கு 1000 என்றால், அதே சரியான விடையைக் கடைசி நொடியில் தொட்டவருக்கு ஏறக்குறைய பாதிதான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய அநீதி. வாசிப்பை வளர்க்க நடத்தும் விளையாட்டில் மெதுவாக வாசிப்பவர் தோற்கலாமா? கேள்விக்கான நேரத்தைக் கூட்டுங்கள், கேள்வியை உரக்கப் படியுங்கள், மூன்று பேரை ஓர் அணியாக்குங்கள். விளையாட்டில் முழுப்பெயரும் வேண்டாம்; அணிப்பெயர் போதும்.

ஆனால் செயலி எதுவானாலும் உயிர் கேள்வியில்தான் இருக்கிறது. 'நூலக விதிகள் ஐந்தையும் வகுத்தவர் யார்?' என்று கேட்டால் ரங்கநாதன் என்பார்கள், அத்தோடு முடிந்தது. நான் விரும்பிக் கேட்கும் கேள்வி வேறு: 'செஸ் பற்றிய புத்தகம் எந்த அலமாரியில் இருக்கும்?' கிரிக்கெட் நூல்கள் இருக்கும் 796 என்ற எண் வரிசையில்தான் என்று பெரும்பாலான அட்டைகள் உயரும். குகேஷ் உலக சாம்பியன் ஆயிற்றே, விளையாட்டு வரிசையில்தானே இருக்க வேண்டும் என்று வாதமும் கிளம்பும். விடையைச் சொல்லாதீர்கள். அணிக்கு ஒருவரை எழுந்துபோய்த் தேடச் சொல்லுங்கள். 796-ஐத் துழாவி, கிடைக்காமல், புத்தக முதுகில் ஒட்டிய எண்களை ஒவ்வொன்றாகப் படித்தபடி பின்னோக்கி நகர்ந்து 794-க்கு வருவார்கள். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையில், மதியால் ஆடும் உள்ளரங்க ஆட்டங்களுக்கு அந்த எண். வெளியரங்க ஆட்டங்களும் தடகளமும் 796. அந்தத் தேடலில் அவர்கள் கை எத்தனை புத்தகங்களைத் தொட்டிருக்கும்! 794-ஐயும் தாண்டிப் போய் 793-இல் புதிர்க் கணக்குகள் அகப்பட்டு, அங்கேயே நின்றுவிடும் பிள்ளையும் உண்டு. அவரைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.

இப்படி இன்னும் பல கேட்கலாம். ஒரு கதையின் முதல் பத்தியை வாசித்து, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க வைக்கலாம். விடை புத்தகத்துக்குள் இருக்கட்டும். ஒரு நூலின் பொருளடக்கத்தைத் திரையில் காட்டித் தலைப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். கேள்விகளை மாணவர்களையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு கேள்வி எழுதப் பத்துப் பக்கமாவது படித்தாக வேண்டும்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நிகழ்ச்சியைக் கடைசி மணிக்கு முந்தைய பாடவேளையில் வைக்காதீர்கள். முடிந்ததும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு பாடவேளை இரவல் மேசை திறந்திருக்க வேண்டும். வென்ற அணிக்குப் பேனாவுக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு புத்தகம் எடுத்துச் செல்லும் உரிமை கொடுங்கள். தோற்ற அணிக்கும் கொடுக்கலாம்.