மகரக்கட்டு உடைந்த பிள்ளையை வாயசைக்கச் சொல்லாதீர்கள்

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளின் பாட்டுக்குக் கீபோர்டு வாசிப்பது என் வேலை. வாசிக்கும்போது என் கண் அவர்கள் தோள்மேல்தான் இருக்கும். தோளைத் தூக்கி மூச்சு இழுத்தால், வரப்போகிற வரி குரலுக்கு எட்டவில்லை என்று அர்த்தம்.

ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் கணீரென்று பாடிய பையன் ஒருவன் விடுமுறை முடிந்து வந்தான். அதே பாட்டு, அதே சுருதி. மேல் காந்தாரத்தில், அதாவது உச்சியில் வரும் 'க' ஸ்வரத்தில், குரல் பிளந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். "நீ வாயை மட்டும் அசைப்பா" என்றார் பாட்டு ஆசிரியர். விழா நெருங்கிய பதற்றம் அவருக்கு. பையன் கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

பெரும்பாலும் 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஆண்பிள்ளைகளின் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் 'ஸ'விலிருந்து கீழ் 'ஸ' வரை, இறங்கிவிடுகிறது. இதைத்தான் மகரக்கட்டு உடைவது என்கிறோம். பெண்பிள்ளைகளுக்கும் இது உண்டு. இரண்டு மூன்று ஸ்வரம்தான் இறங்கும், கூடவே காற்றுக் கலந்த குரலாக இருக்கும். அதை 'சரியாகச் சாதகம் செய்யவில்லை' என்று திட்டுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். பாவம், அவள் மேல் தப்பே இல்லை.

அந்தப் பையனை வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, சும்மா பேசச் சொன்னேன். பேச்சுக்குரல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கீபோர்டில் தேடினேன். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினோம், இறங்கினோம். சிரமமில்லாமல் வந்தது ஆறே ஸ்வரம். சரி, அந்த ஆறுக்குள் அடங்கும்படி பல்லவிக்கு ஒரு கீழ்வரி போட்டுக் கொடுத்தேன். சரணத்தில் ஷட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, மட்டும் பிடித்து நின்றான். கூடவே அவன் வரியை மெல்ல வாசித்தேன், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி மாதிரி. மாதம் ஒரு முறை மறுபடி பார்த்தோம். ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கூடின, கீழ்ப்பக்கமாக.

ஆசிரியர்களே, ஒத்திகைக்கு முன்னால் பக்கவாத்தியம் வாசிப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் சுருதியை இறக்க ஒரு பட்டன் போதும். எட்டாத ஸ்வரத்தைக் கத்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள். அப்புறம், குரல் கம்மல் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மகரக்கட்டு உடைவதுதான் என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.