பிராம்ஸ் கேட்ட வயலின்

1879 ஜனவரி 1 அன்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு) முதன்முதலாக வாசித்தவர் வயலின் கலைஞர் யோசெஃப் யோவாகிம். அக்கால வயலின்களில் இருந்தவை ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த தந்திகள். பழைய முறைப்படி ரொமாண்டிக் இசையை, அதாவது பிராம்ஸ் போன்றோரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையை, பதிவு செய்ய விரும்புகிறவர்கள் இன்று முதலில் தேடுவதும் அவற்றைத்தான்.

உச்சத் தந்தியை மட்டும் பார்ப்போம். இன்றைய எஃகுத் தந்தியின் தடிமன் கால் மில்லிமீட்டர். குடலுக்கு அடர்த்தி குறைவு என்பதால், அதே சுருதிக்கு அது அரை மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருக்க வேண்டும். வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது, நழுவ விடுகிறது, மறுபடி பற்றுகிறது. இந்தத் தந்தியில் இது நொடிக்குச் சுமார் 660 முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கூரிய மடிப்பு தந்தி நெடுக ஓடித் திரும்புகிறது. மடிப்பு கூராக இருந்தால் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர் அதிர்வுகள், பளிச்சிடும். எஃகு அந்தக் கூர்மையைக் காக்கும். குடலின் உள்ளுராய்வு அதை மழுக்கிவிடும். அதனால்தான் அந்த மெத்தென்ற நாதம். ஆனால் ஈரக்காற்று பட்டால் சுருதி கலையும், கச்சேரி நடுவே அறுந்தும் தொலைக்கும். எஃகு வென்றதில் வியப்பில்லை.

தந்தி கிடைத்தால் போதுமா? எப்படி வாசித்தார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. எழுபதைத் தாண்டிய யோவாகிம் 1903-இல் சில இசைத்தட்டுகள் பதிந்தார். மைக் வராத காலம். புனலுக்கு முன் நின்று வாசிக்க வேண்டும். புனல் மேற்சுரங்களை விழுங்கிவிடும் என்பதால் நாதத்தின் நிறத்துக்கு அந்தத் தட்டுகளை நம்ப முடியாது. சுருதி ஏறி இறங்குவது மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. விரலை நடுக்கி வாசிக்கும் வைப்ரேட்டோ அவரிடம் அரிது; நம்முடைய ஜாரு போன்ற இழைப்பு, அவர்கள் மொழியில் போர்ட்டமெண்டோ, தாராளம். முதல் விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமலே கையை மேலே நகர்த்துவார்கள். சென்ற இடத்தில் மூன்றாம் விரல் விழும். இடையில் தந்தியின் நீளம் குறையக் குறைய, சுருதி வழுக்கிக்கொண்டே ஏறும்.

இசைக்குழுக்களும் இதற்கு விலக்கல்ல. நடத்துனர் மெங்கெல்பெர்க் வழிநடத்த, ஆம்ஸ்டர்டாம் குழு 1926-இல் பதிந்த, இசையமைப்பாளர் மாலரின் அடாஜியெட்டோ என்ற மெதுநடைப் பகுதியில் வயலின் கூட்டம் மொத்தமும் இழைகிறது.

இன்றைய 'வரலாற்று முறை' பதிவுகள் பலவற்றில் எனக்குக் குறையாகப் படுவது இங்கேதான். வைப்ரேட்டோவைத் துணிந்து குறைக்கிறார்கள். இழைப்பு என்றால் மட்டும் கூச்சம். மிகையாகத் தோன்றுமோ என்ற பயம் போலும். இரண்டுக்கும் சாட்சி அதே தட்டுகள்தானே?