கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

பழைய கேமிங் கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்க வருவதில்லை. எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கேட்கத்தான் வருகிறார்கள். முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுகிறார்கள். மாடல் பெயர் மட்டும்தான் பாக்கி. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய ஆதங்கம். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்தில் சும்மா வருகிற பணம் இல்லை. அப்படி வாங்கிய கார்டு பழைய கேபினெட்டுக்குள் பாதி வேலைகூடச் செய்ய முடியாமல் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் நொடிக்குப் பல முறை மாறும் படங்களில் ஒன்று, திரைக்கு வந்துசேரும் வழியைச் சொன்னால் காரணம் விளங்கும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தத் திசையில் போகிறது, கார் எவ்வளவு வேகத்தில் மோதியது என்ற கணக்கையெல்லாம் போடுவது பிராசசர். கணக்கு முடிந்ததும் வரையச் சொல்லிக் கார்டுக்குக் கட்டளை போகிறது. கார்டு வரைவதற்கு வேண்டிய படங்கள் டிஸ்கிலிருந்து தற்காலிக நினைவகமான ராமுக்கும், அங்கிருந்து கார்டின் சொந்த நினைவகத்துக்கும் வந்துசேர வேண்டும். இந்த வரிசையில் எது தாமதித்தாலும் மற்றவை சும்மா நிற்கும். அப்படி மற்றவற்றைக் காக்க வைக்கிற பாகத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அது எது என்பது கணினிக்குக் கணினி மாறும். ஒரே கணினியில் கேமுக்குக் கேம் மாறும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிராசசர்தான் முதலில் திணறும். சைபர்பங்க் 2077 ஆடுகிறவர்களுக்குக் கார்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை, அதோடு வரும் ரிவாட்யூனருடன் சேர்த்து நிறுவுங்கள். கார்டின் பயன்பாடும் சூடும், பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஒவ்வொரு கோரின் பயன்பாடும் சூடும், ராம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதும் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். கேமின் செட்டிங்ஸில், ஃப்ரேம் எண்ணிக்கையை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், 60 ஃப்ரேமில் கட்டிப்போடப்பட்ட கார்டு ஓய்வாக இருப்பதுபோலக் காட்டும். நீங்கள் வீணாகப் பிராசசரைக் குற்றம் சொல்வீர்கள். பிறகு வழக்கமாக ஆடும் கேமை வழக்கமான செட்டிங்ஸில் அரை மணி நேரம் ஆடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. சூடு ஏறுவதற்கு நேரம் வேண்டும்.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துகொண்டிருக்கிறது. அதை மாற்றினால் பலன் தெரியும். கார்டு 60, 70 சதவீதத்தில் கிடக்க, பிராசசரின் ஓரிரு கோர்கள் உச்சத்தில் நின்றால் தடை பிராசசரில். மொத்தப் பயன்பாடு 50 சதவீதம்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. பல கேம்களில் முக்கியமான கணக்கு ஓரிரு கோர்களில்தான் நடக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை தாவினால் தடை கார்டில் இருந்தது என்று பொருள். எண்ணிக்கை அசையவே இல்லை என்றால், எத்தனை ஆயிரம் கொடுத்துக் கார்டு வாங்கினாலும் அந்தக் கேமில் அது அசையாது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் தேய்ந்தால் சூடு. சராசரி நன்றாக இருந்தும், புதிய தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் திக்கித் திக்கி நின்றால் ராம் அல்லது டிஸ்க். கனமான காட்சியில் கணினி பட்டென்று அணைந்துபோனால் முதல் சந்தேகம் கணினிக்கு மின்சாரம் தருகிற பெட்டியான எஸ்எம்பிஎஸ் மீது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் தந்தையுடன் வந்தார். 2017இல் வாங்கிய கணினி: ஐ5-7400 பிராசசர், பி250 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. ‘ஆர்எக்ஸ் 6600 போட்டுக் கொடுத்தால் போதும் அண்ணா’ என்றார். தந்தை கேட்டது வேறு: ‘இதை வாங்கிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதுவும் கேட்க மாட்டானே சார்?’ கேட்க வேண்டி வரும் என்றுதான் உண்மையைச் சொன்னேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். பிராசசர் கூலரின் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. காற்று உள்ளே போக வழியே இல்லை. கூலரின் நான்கு கால்களில் ஒன்று போர்டில் பூட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. கேம் ஓடும்போது பிராசசரின் சூடு 90 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பிராசசருக்கு 100 டிகிரிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ராம் முழுக்க நிறைந்து, டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் அந்த ஹார்ட் டிஸ்கின் உடல்நிலை மஞ்சள் எச்சரிக்கையில் இருந்தது. பழுதான செக்டர்களைத் தானே ஒதுக்கத் தொடங்கிவிட்டது. கல்லூரி ப்ராஜெக்ட், குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வேறு எதையும் தொடும் முன் அவற்றை நகலெடுத்தோம்.

பிறகு எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து அதன் ஸ்டிக்கரை இருவருக்கும் காட்டினேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஒரு கார்டும் போர்டும் சேர்ந்து கருகிப்போவது இங்கேதான் தொடங்குகிறது. பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை. அதில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேரே 18 ஆம்பியர். பிராசசரும் கார்டும் குடிக்கிற மின்சாரம் பெரும்பகுதி இந்த 12 வோல்ட் வழியாகத்தான் போகிறது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட்ஸ். மீதியெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் காட்டிய கணக்கு. கேமிங் கணினிக்கு அதனால் பயனில்லை. ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட்ஸ், ஐ5-7400க்கு 65 வாட்ஸ், போர்டு, டிஸ்க், விசிறிகளுக்கு இன்னொரு 40 அல்லது 50. கூட்டிப் பார்த்தால் 216ஐத் தாண்டுகிறது. நொடிப்பொழுதில் கார்டு இழுக்கும் கூடுதல் மின்சாரம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பழைய 1050 டிஐ இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் எளிது: அது 75 வாட்ஸ் கார்டு, போர்டின் ஸ்லாட்டிலிருந்தே அதை எடுத்துக்கொண்டது.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் கேபிளும் இல்லை. பழைய டிஸ்க் கேபிளிலிருந்து மின்சாரம் எடுத்துத் தரும் மோலெக்ஸ் கன்வர்ட்டர் ஒன்றை மாட்டி வேலையை முடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கேபிளே இல்லாமல் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸைச் செய்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சுமைக்கு அது செய்யப்படவில்லை என்று அர்த்தம். நல்ல 450 அல்லது 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கட்டத்திலேயே 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா என்பதைச் சொல்லாது. ஐந்து வருட வாரன்டி தருகிற தயாரிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அன்று அவர்கள் கார்டு வாங்கவில்லை. தூசி துடைத்து, புதிய பேஸ்ட் வைத்து, கூலரைச் சரியாகப் பூட்டினோம். ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான ஒரு எஸ்எஸ்டி, ஏற்கெனவே இருந்த ராமுக்கு இணையான இன்னொரு 8 ஜிபி ஸ்டிக், ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ். அவ்வளவுதான். ஒற்றை ஸ்டிக் இருந்தபோது பிராசசருக்கும் ராமுக்கும் இடையே ஒரு சேனல் மட்டும் வேலை செய்தது. இரண்டு போட்டதும் இரண்டு சேனலும் திறந்தன. ஜிடிஏ 5இல் சராசரி ஃப்ரேம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் நடுநடுவே விழுந்துகொண்டிருந்த பள்ளங்கள் போய்விட்டன. காரில் வேகமாகப் போகும்போது தெரு உருவாகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்போது பார்த்தால் 1050 டிஐயின் பயன்பாடு 98 சதவீதத்தில் நின்றது. கார்டு வாங்குவதற்கு இதுதான் சரியான நேரம் என்றேன். செமஸ்டர் முடிந்ததும் வாங்கினார்கள்.

எஸ்எஸ்டியைப் பற்றி ஒன்று. சைபர்பங்க் 2077, ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்களின் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி சேர்ந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கிலிருந்து, அதே சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம் மலையளவு. சாட்டாவிலிருந்து, இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இக்கு மாறும்போது பெரும்பாலான கேம்களில் அது ஒரு சில நொடிகள்தான். பழைய போர்டுக்கு விலை உயர்ந்த ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி தேவையே இல்லை. ராம் விஷயம் வேறு. ஏஐ சர்வர்களுக்கு நினைவகச் சிப்புகள் திருப்பிவிடப்பட்டதால் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. ஆகவே ஒரு ஸ்டிக் சேர்ப்பதற்குப் பழைய டிடிஆர்4 ராம் வாங்கத் தயங்க வேண்டாம். ராம் எளிதில் தேய்கிற பொருள் இல்லை. வாங்கியதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள்.

கார்டு தேர்வில் பலர் பார்க்கத் தவறுவது பிசிஐ லேன்கள், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதைகள். பி250 போன்ற போர்டுகளில் இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன்களைப் பயன்படுத்துகிறது. பழைய போர்டில் இழப்பு சொற்பம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கு லேன்கள்தான், நினைவகமும் பெரும்பாலும் 4 ஜிபிதான். புதிய போர்டில் ஓரளவு ஓடும் இந்தக் கார்டு பழைய போர்டில் நன்றாகவே அடி வாங்கும். விலை குறைவு என்பதால் பழைய கணினிக்காரர்கள் தலையில்தான் அதைக் கட்டுகிறார்கள். இன்று வாங்குகிற கார்டில் 8 ஜிபிக்குக் குறைவாக ஏற்காதீர்கள். இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போன்றவை ஒளிக்கதிர்கள் போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும்.

பிராசசரில் என் கருத்து கறாரானது. ஏஎம்டி ரைசன் பிராசசருக்கான ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி: 2017இன் ரைசன் 5 1600ஐக் கழற்றிவிட்டு, போர்டு தயாரிப்பாளர் தளத்தில் ஆதரவு உண்டா என்று பார்த்து, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தபின் ரைசன் 5 5600ஐப் போட்டுவிடலாம். கணினியே புதிதானது போல ஓடும். இன்டெல் ஏழாம் தலைமுறைக்காரருக்கு அந்த வசதி இல்லை. எட்டாம் தலைமுறைப் பிராசசருக்கும் அது உட்காரும் சாக்கெட்டின் பெயர் 1151 என்றே இருக்கும், ஆனால் பி250இல் ஓடாது. அதே போர்டில் ஓடும் ஐ7-7700ஐப் பழைய சந்தையில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். நான் வாங்கச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்தப் பிராசசர் விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது பி760 போர்டும் ஐ5-12400எஃப்பும் வாங்குங்கள். பழைய ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு நான்கும் அப்படியே அதற்குள் போய்விடும்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 140 ஃப்ரேம் வந்தாலும் உங்கள் கண்ணுக்கு 60தான் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60இலேயே விட்டிருப்பவர்களும் உண்டு. கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பவர்களும் உண்டு. யுபிஎஸ்ஸும் அப்படித்தான். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். புதிய கார்டும் மானிட்டரும் சேர்ந்தபின், கரன்ட் போன நொடியில் அது கத்திவிட்டு அணைந்தால் கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிக் கார்டுகளை அது போலி என்றே காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்பது 2048எஸ்பி வகையா என்றும் பாருங்கள். அது உண்மையில் 570க்கு நெருக்கமான கார்டு. அரை மணி நேரம் கனமான கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா டிஸ்ப்ளே போர்ட்டுகளிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, அது கார்டின் பின்புறம் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.