கிளட்ச் லிவரில் கொஞ்சம் லூஸ் இருக்கட்டும்

கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று சொல்லிப் பட்டறையில் விடப்படும் பைக்குகளில், லிவரைத் தொட்டுப் பார்த்தாலே பல நேரம் காரணம் தெரிந்துவிடும். லிவரில் துளிகூட ஆட்டம் இருக்காது. விரல் பட்டவுடனேயே கேபிள் விறைப்பாக இழுக்கும். கேட்டால், "லூசாக இருந்தது, நானே டைட் வைத்தேன்" என்பார்கள். டைட் வைத்த பிறகு கியர் நன்றாக விழுந்ததாகவும் சொல்வார்கள். அந்த லூஸ் வேண்டுமென்றே விடப்பட்டது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். இதைப் புரிந்துகொண்டவர்கள் கிளட்சை வீட்டிலேயே தாராளமாகச் சரிசெய்துகொள்ளலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

கிளட்சுக்குள் ஃப்ரிக்‌ஷன் பிளேட்டும் (உராய்வுத் தகடு) இரும்புப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டை அழுத்தி அந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் எஞ்சினின் இழுவை கியருக்குப் போகிறது. லிவரைப் பிடித்தால் கேபிள் ஒரு சின்ன ஆர்மை (நெம்புகோலை) இழுக்கும், பிரஷர் பிளேட் விலகும், பிளேட்டுகள் தளரும். லிவரில் லூஸே இல்லாமல், லிவரை விட்ட பிறகும் கேபிள் அந்த ஆர்மை இழுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுகளுக்குக் கிடைக்காது. கையை எடுத்துவிட்டாலும் வண்டி அரை கிளட்சில்தான் ஓடும். பிளேட்டுகள் வழுக்கும், சூடேறும், கருகும். தேய்ந்த துகள் எல்லாம் எஞ்சின் ஆயிலில்தான் கலக்கும்.

லிவரில் விடும் இந்த லூஸ், அதாவது தொய்வு, இரண்டு காரணங்களால் மாறும். கேபிள் நாளாக ஆக நீளும், அதனால் தொய்வு கூடும். பிளேட் தேயும்போது பெரும்பாலான வண்டிகளில் நேர்மாறாக நடக்கும்: அடுக்கின் தடிமன் குறைந்து பிரஷர் பிளேட் உள்ளே நகரும், தொய்வு குறையும். அதனால் ஒருமுறை சரியாக வைத்துவிட்டோம் என்று விட்டுவிட முடியாது. யாரும் தொடாமலேயே லிவர் டைட் ஆகிக்கொண்டு வந்தால் பிளேட் தேய்கிறது என்று பொருள்.

அளவு எவ்வளவு? லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. எஞ்சின் ஆறிய பிறகு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். லிவரை மெதுவாக இழுத்தால் முதலில் சும்மா வரும், அப்புறம் எதிர்ப்பு தெரியும். சும்மா வரும் அந்தத் தூரத்தைத்தான் நுனியில் அளக்க வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் தொய்வு காணாமல் போனால் கேபிள் போகும் வழி தப்பு. எங்கோ மாட்டிக்கொண்டு இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் அட்ஜஸ்டரை (தொய்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகிப் பயனில்லை.

சின்ன மாற்றத்துக்கு லிவர் பக்கத்து அட்ஜஸ்டரே போதும். லாக் ரிங்கை (அட்ஜஸ்டர் நகராமல் பிடிக்கும் வளையம்) தளர்த்திவிட்டு அட்ஜஸ்டரைத் திருகுங்கள். அது வெளியே வந்தால் தொய்வு குறையும், உள்ளே போனால் கூடும். அளவு வந்ததும் லாக் ரிங்கை இறுக்கிவிடுங்கள். அட்ஜஸ்டர், லாக் ரிங், லிவர் பிடிப்பு மூன்றிலும் கேபிளைக் கழற்றுவதற்கென்று ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் இறங்கும், கேபிள் நழுவவும் வாய்ப்பு உண்டு.

அட்ஜஸ்டர் ஏற்கெனவே நிறைய வெளியே வந்து மரையில் தொங்கிக்கொண்டிருந்தால் மேலே இனி வேலை இல்லை. முதலில் அதை முழுவதும் உள்ளே அனுப்பி, ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். பிறகு எஞ்சின் பக்கம் கேபிள் முடியும் இடத்துக்கு வாருங்கள். பெரும்பாலும் ஒரு பிராக்கெட்டின் இருபுறமும் இரண்டு நட்டுகள் கேபிளின் உறையைப் பிடித்திருக்கும். நட்டைத் தளர்த்தி உறையை ஆர்ம் பக்கமாக நகர்த்தினால் தொய்வு கூடும், விலக்கினால் குறையும். கிட்டத்தட்ட அளவுக்குக் கீழே கொண்டுவந்து நட்டுகளை இறுக்கிவிட்டு, மிச்சத்தை மேலே முடித்துக்கொள்ளலாம். சைலன்சர் பக்கத்தில் கை போகும் வண்டிகளில் எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். சில வண்டிகளில் எஞ்சின் கவரில் தனியாக ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். அதன் முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேடு இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

கேபிளைத் தொட்ட கையோடு லிவரின் அடியில் உள்ள அதன் முனையையும் பாருங்கள். ஒரே ஒரு கம்பி இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். கியரில் இருக்கும்போது நெரிசலில் கேபிள் அறுந்தால் கிளட்ச் சட்டென்று பிடித்துவிடும், வண்டி முன்னால் பாயும்.

சரி, அளவு வைத்தாயிற்று. காற்றோட்டமான இடத்தில் ஸ்டார்ட் செய்து, சென்டர் ஸ்டாண்டிலேயே லிவரை முழுவதும் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் லேசாகச் சுற்றலாம், ஆயிலில் ஊறிய கிளட்சில், அதுவும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அது இயல்பு. பின் பிரேக்கை மெல்ல மிதித்தால் சக்கரம் நிற்க வேண்டும். நிற்காமல் எஞ்சின் திணறினால், கியர் போடும்போது 'கடக்' என்று அடித்தால், நியூட்ரல் விழ அடம்பிடித்தால், தொய்வு அதிகம், கிளட்ச் முழுவதும் விடவில்லை. அடுத்து ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் ஓட்டிப் பாருங்கள். மேல் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். சத்தம் மட்டும் ஏறி வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது.

தொய்வு சரியாக இருந்தும் ஸ்லிப் ஆகிறதென்றால், பிளேட்டை மாற்றச் சொல்லும் முன் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் இருக்கும், அவை பிளேட்டுகளை வழுக்கவிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற ஜப்பானியத் தரக் குறி இருக்கிறதா பாருங்கள். எம்பி (MB) என்றிருந்தால் அது உராய்வு குறைந்த ரகம், இந்த மாதிரி கிளட்சுக்கு ஆகாது.

ஓட்டும்போது இரண்டு விரலை லிவரில் சாய்த்தே வைத்திருக்கும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்யும். நீங்கள் அளந்து வைத்த தொய்வை உங்கள் விரலே தின்றுவிடும். மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது அரை கிளட்சில் தாங்கி நிற்காமல் பிரேக்கைப் பிடியுங்கள்.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது ஃப்ளூயிட் அளவும் கசிவும்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது லிவர் பிரேக்குக்கு உரியது. அதைக் கிளட்ச் என்று நினைத்துத் தளர்த்திவிடாதீர்கள். மேலும் கீழும் இரண்டு அட்ஜஸ்டரையும் கோடிவரை திருகியும் அளவு வரவில்லையா? அப்போது முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். புதுக் கேபிளிலும் ஸ்லிப் நிற்கவில்லை என்றால், கவரைக் கழற்றிப் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளக்க வேண்டும், அது பட்டறை வேலை.